ஞானப்பல் எடுத்த தாடை எப்போது முறிகிறது?

ஞானப்பல் எடுக்கப் போனவரின் தாடை முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், பல் மருத்துவர் நெம்பி நெம்பி இழுத்ததில் முறிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி முறிவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான முறிவுகள் மருத்துவரின் நாற்காலியில் நடப்பதில்லை. தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, வலி மறந்து, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கின்றன. மருத்துவ ஏடுகளில் பதிவான 130 முறிவுகளைத் தொகுத்து 2012இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் ஒரு ஆய்வு வெளியானது. அதன்படி ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முறிவுகள் பல் எடுத்த பின்னர் நேர்ந்தவை. அவற்றிலும் பாதிக்கு மேல் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வந்தவை. நோயாளிகள் சொன்ன முதல் அறிகுறி பெரும்பாலும் வலி அல்ல, மெல்லும்போது காதருகே கேட்ட ஒரு 'படக்'.

பயத்தைக் கிளப்புவதற்கு முன் அளவைச் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸில் லிபெர்சாவும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட கணக்கில் 7,50,000 ஞானப்பல் நீக்கங்களுக்கு 37 முறிவுகள், அதாவது 0.0049 சதவீதம். சுமார் 20,000 பற்களுக்கு ஒன்று. ஒரு பல் மருத்துவர் வாழ்நாள் முழுவதும் தொழில் செய்தும் இதைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். உதடு மரத்துப் போவதும், பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு கரைந்து 'டிரை சாக்கெட்' வலி வருவதும் இதைவிடப் பன்மடங்கு அதிகம் நடப்பவை. ஆனாலும் இந்த 20,000இல் ஒன்று எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட வாய்ப்பு அல்ல. சிலருக்கு அது அதைவிடவும் மிகக் குறைவு, சிலருக்குக் கவலைப்படும் அளவுக்கு அதிகம். யாருக்கு அதிகம் என்பதே கேள்வி. இதற்கு ஏடுகள் நீண்ட பட்டியலைத் தருகின்றன: வயது, ஆண்பால், பல்லின் ஆழம், அது சாய்ந்திருக்கும் கோணம், எலும்புக்குள் கட்டி, எலும்பைப் பாதிக்கும் மருந்துகள், மருத்துவரின் கைப்பழக்கம், நோயாளியின் சாப்பாடு. பட்டியலில் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை என்பது என் வாதம்.

முதலில் தாடையின் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். கீழ்த்தாடை குதிரை லாடம் போல வளைந்த ஒற்றை எலும்பு. இரு பக்கமும் அது காதை நோக்கி மேலே திரும்பும் இடத்தைத் தாடைக்கோணம் என்கிறோம். கடைசிக் கடைவாய்ப்பல்லான ஞானப்பல் சரியாக அந்தத் திருப்பத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மென்று அரைக்கும் பெரிய தசைகள் கோணத்தின் பின்பக்கத்தை மேலே இழுக்கின்றன. கடிபடும் உணவு முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் தாடை வளைய முயல்கிறது. வளையும்போது அதன் மேல் விளிம்பு விரிய இழுபடுகிறது, கீழ் விளிம்பு நெருக்குண்கிறது. இழுவிசையைத் தாங்குவது மேல் விளிம்பின் வெளிப்பக்கமாகச் சரிந்து ஓடும் கெட்டியான ஒரு எலும்பு வரப்பு. 1970களில் ஸ்ட்ராஸ்பூர்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மாக்ஸிம் ஷாம்ப்பி, முறிந்த தாடைக்குச் சிறிய தகடு பதிக்கச் சரியான கோடுகளை வரைந்து காட்டினார். தாடைக்கோணத்தில் அவர் தேர்ந்தெடுத்த இடம் இந்த வரப்புதான். விசை எங்கே விரிக்கிறதோ அங்கே கட்டினால் போதும் என்பது அவருடைய கணக்கு. புதைந்த ஞானப்பல்லை வெளியே கொண்டுவர அறுவை மருத்துவர் முதலில் செதுக்கி எடுப்பதும் இதே வரப்பைத்தான். தகடு வைத்துக் கட்ட வேண்டிய இடத்திலேயே எலும்பை எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அறுவையின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

பல்லை எடுக்காமல் விட்டால் தாடை உறுதியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1978இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் குரங்குகளின் தாடைகளை வைத்துச் சோதித்தார்கள். முளைக்காத ஞானப்பல் உள்ளே இருந்த தாடைகள், முளைத்த பல் இருந்த தாடைகளை முறிக்கத் தேவைப்பட்ட விசையில் சுமார் 60 சதவீதத்திலேயே முறிந்தன. புதைந்த பல் இருக்கும் இடத்தில் எலும்பு இல்லை, அவ்வளவுதான் காரணம். விபத்திலோ அடிதடியிலோ தாடையில் அடிபட்டவர்களை ஆராய்ந்தவர்களும் இதையே பார்த்தார்கள்: ஞானப்பல் உள்ளவர்களுக்குத் தாடைக்கோணம் முறிவது இரண்டு மடங்குக்கும் மேல். (விந்தையாக, அவர்களுக்குக் காதருகே உள்ள மூட்டுக்கழுத்து முறிவது குறைவு. அடியின் விசை கோணத்திலேயே தீர்ந்துவிடுகிறது.) ஆகவே தாடையின் பலவீனம் பல் எடுப்பதில் தொடங்குவதில்லை. முன்பே இருந்த பலவீனத்தின் மீது அறுவை இன்னும் கொஞ்சம் எலும்பை எடுக்கிறது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை முறிந்தவர்களைப் பற்றிய தொகுப்புகள்தாம். 2011இல் 189 பேர், 2012இல் 130 பேர், 2017இல் அறுவைக்குப் பின் முறிந்தவர்கள் மட்டும் 124 பேர் என்று, உலகெங்கும் வெளியான தனித்தனி அறிக்கைகளைத் திரட்டிச் சேர்த்தவை. முறிந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவை சொல்கின்றன. முறியாத லட்சக்கணக்கானவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அவற்றில் இல்லை. 20,000இல் ஒன்று நடக்கும் ஒரு நிகழ்வுக்கு முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்துவது எளிதல்ல என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: முறிந்தவர்களிடம் அதிகம் காணப்படும் இந்தக் குணம், ஞானப்பல் எடுக்க வரும் எல்லோரிடமுமே அதிகம் காணப்படுவதுதானா?

பல்லின் கோணத்தை எடுத்துக்கொள்வோம். 1926இல் ஜார்ஜ் வின்டர் புதைந்த பற்களைச் சாய்வின்படி வகைப்படுத்தினார்: முன்பக்கம் சாய்ந்தவை, பின்பக்கம் சாய்ந்தவை, நேராக நிற்பவை, படுத்துக் கிடப்பவை. முறிவுத் தொகுப்புகளில் முன்பக்கம் சாய்ந்த பற்கள் அதிகம் என்று எழுதுகிறார்கள். புதைந்த கீழ் ஞானப்பற்களிலேயே மிக அதிகம் காணப்படுவது அந்த வகைதான். எனவே முறிந்தவர்களிடமும் அது அதிகம் இருப்பதில் வியப்பில்லை. பாடப்புத்தகங்கள் இதையும் ஆபத்துக் காரணியாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வயது இதற்கு நேர் எதிர். ஞானப்பல் எடுத்துக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் இருப்பவர்கள். வயதுக்கும் முறிவுக்கும் தொடர்பே இல்லையென்றால், முறிந்தவர்களும் அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். ஆனால் தொகுப்புகளில் சராசரி வயது நாற்பதை ஒட்டி நிற்கிறது. அறுவைக்குப் பின் முறிந்தவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கூட்டத்தில் குறைவாக இருக்கும் வயதினர் முறிவில் அதிகமாக இருக்கிறார்கள் என்றால், அங்கே உண்மையான தொடர்பு இருக்கிறது. இதற்குக் காரணங்களும் தெளிவு. இளம் எலும்பு சற்று நெகிழும், பல் வெளியேற இடம் கொடுக்கும். வயது ஏற ஏற எலும்பு இறுகுகிறது. வேரையும் எலும்பையும் பிரிக்கும் மெல்லிய இழைப்படலம் சுருங்குகிறது. சிலருக்கு வேர் எலும்போடு ஒட்டியே போகிறது. இருபதில் சிலருக்கு வேரின் நுனி முழுதாக வளர்ந்திருக்காது, நாற்பதில் அது வளர்ந்து முடிந்திருக்கும், வளைந்து கொக்கி போட்டும் நிற்கலாம். அதனால் அதிக எலும்பை எடுக்க வேண்டும், அதிக விசை கொடுக்க வேண்டும். எடுத்த பின் குழி ஆறுவதற்கும் நாளாகும்.

ஆண், பெண் வேறுபாடு இன்னும் சுவையானது. அறுவை நடக்கும்போதே முறிந்த தாடைகளில் பெண்கள் சற்று அதிகம். பின்னால் முறிந்தவற்றில் ஆண்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே எலும்பு, ஒரே அறுவை, ஆனால் நேரம் மாறும்போது பால் விகிதம் தலைகீழாகிறது. பெண்களின் தாடை பொதுவாக மெல்லியது, மருத்துவரின் நெம்புவிசைக்கு முதலில் இடம் கொடுப்பது அதுதான் என்று முதல் பாதியை விளக்கலாம். இரண்டாம் பாதிக்கு விடை கடிவிசையில் இருக்கிறது. ஆண்களின் கடைவாய்க் கடி சராசரியாகப் பெண்களுடையதைவிட வலுவானது. பற்கள் எல்லாம் குறையின்றி இருக்கும் நடுவயது ஆண் முழு விசையோடு கடிக்கக்கூடியவர். அந்த விசையைத் தாங்க அவருடைய தாடைக்கோணத்தில் அப்போது எலும்பு பாதிதான் இருக்கிறது. பல் எல்லாம் நல்ல நிலையில் இருப்பது இங்கே மட்டும் பாதகமாகிறது. தூக்கத்தில் பல் அரைக்கும் பழக்கம் உள்ளவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் எவ்வளவு விசையோடு கடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆழமும் வயதைப் போலவே நம்பத்தக்க காரணி. 1933இல் பெல்லும் கிரெகரியும் வகுத்த முறைப்படி, பக்கத்துப் பல்லின் மேல்மட்டத்துக்கு இணையாக இருப்பது 'ஏ', அதன் கழுத்துக்கும் கீழே புதைந்திருப்பது 'சி', இடைப்பட்டது 'பி'. அந்தப் பக்கத்துப் பல்லுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தார்கள். முறிவுத் தொகுப்புகளில் 'பி'யும் 'சி'யும் நிறைந்திருக்கின்றன, அதிலும் இடம் போதாத வகைகள். 'சி' வகைப் பற்கள் பொதுக்கூட்டத்தில் சிறுபான்மை என்பதால் இந்தத் தகவலுக்கு எடை உண்டு. ஆனால் வகுப்பு எழுத்தைவிட முக்கியமான ஒன்றை எக்ஸ்ரேயில் கண்ணாலேயே பார்க்கலாம்: அந்த இடத்தில் தாடையின் உயரத்தில் எவ்வளவு பங்கைப் பல் பிடித்திருக்கிறது, பல்லுக்குக் கீழே எவ்வளவு எலும்பு மிஞ்சுகிறது. சிறிய தாடையில் 'பி' வகைப் பல்லும் கீழ் விளிம்பை நெருங்கிவிடலாம். கனத்த தாடையில் 'சி' வகைப் பல்லுக்குக் கீழேயும் தாராளமாக எலும்பு இருக்கலாம். முழுத்தாடை ஓ.பி.ஜி. எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், தடிப்பைக் காட்டாது. நாக்குப் பக்கத்துச் சுவர் காகிதம் போல மெலிந்திருக்கிறதா என்று தெரிய கோன் பீம் சி.டி. வேண்டும். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆழமான பல்லோடு வரும் நாற்பது வயதுக்காரருக்குத் தேவை.

பல்லைச் சுற்றியுள்ள நோய்களைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை, தர்க்கம் நேரடியானது. முளைக்காத பல்லின் தலையைச் சூழ்ந்து வளரும் நீர்க்கட்டி, கெரட்டோசிஸ்ட், அமெலோபிளாஸ்டோமா போன்றவை சத்தமில்லாமல் எலும்பை உள்ளிருந்து அரித்துவிடும். பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த ஈறு அழற்சியும் எலும்பைக் கெடுக்கும். புற்றுநோய்க்குத் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ரத்த ஓட்டம் குன்றி எலும்பு ஆறும் திறனை இழக்கிறது. அவர்களுக்குப் பல் எடுப்பதே தனிக் கவனத்தோடு செய்ய வேண்டிய காரியம். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் எலும்புத் தேய்வுக்கும் கொடுக்கும் ஜோலெட்ரோனிக் அமிலம் முதலான மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போகலாம் என்பதை 2003இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் டெனோசுமாபும் அந்த வரிசையில் சேர்ந்தது. இவற்றில் வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசியை 'மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்குப் பதிலாக நினைவில் கொண்டுவருவோர் குறைவு. கேட்பவர் ஊசியைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். பாக்கு, குட்காவால் வாய் இறுகிப்போனவர்கள் நம் ஊரில் தனி வகை. வாயே இரண்டு விரல் அகலம் திறக்காதவரிடம் கருவி சரியான கோணத்தில் போகாது, கோணம் தவறிய நெம்புதலில் விசை போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

மருத்துவரின் கைக்கு எவ்வளவு பங்கு? நாற்காலியிலேயே முறிந்தவற்றில் பெரும்பங்கு என்று தயங்காமல் சொல்லலாம். எலிவேட்டர் எனப்படும் நெம்புகருவி சிறிய கைவிசையைப் பல மடங்காக்கித் தரும். பல் அசையாதபோது விசையைக் கூட்டுவதா, எலும்பையும் பல்லையும் இன்னும் கொஞ்சம் வெட்டுவதா என்ற தருணத்தில்தான் தாடை தப்புவதும் முறிவதும். எலும்பைக் காப்பாற்ற வழி, பல்லை வெட்டுவது: பல்லைத் துண்டு துண்டாக்கினால் சிறிய வாசல் வழியே வெளியே எடுக்கலாம், வரப்பின் பெரும்பகுதியைத் தொடாமல் விடலாம். தாடைக்குள் ஓடும் நரம்போடு பின்னிய வேர் என்றால் தலையை மட்டும் சீவி எடுத்து வேரை அங்கேயே விட்டுவிடும் 'கொரோனெக்டமி'யும் உண்டு. நரம்பைக் காக்கத் தோன்றிய முறை அது, எலும்பையும் காக்கிறது. ஆனால் பின்னால் முறிந்த தாடைகளுக்கு மருத்துவரின் கையைக் குறை சொல்வது அவ்வளவு எளிதல்ல. சுத்தமாக, விசையில்லாமல் எடுத்த பல்லுக்குப் பிறகும் மூன்றாம் வாரத்தில் முறிந்திருக்கிறது.

ஏன் மூன்றாம் வாரம்? பல் போன குழியில் முதலில் ரத்தம் உறைகிறது. முதல் வாரத்தில் அந்த உறைவு மென்மையான புதுத்திசுவாக மாறுகிறது. இரண்டு வாரத்துக்குப் பிறகு பஞ்சு போன்ற இளம் எலும்பு விளிம்பிலிருந்து உருவாகத் தொடங்கும், அதற்குச் சுமை தாங்கும் வலு இல்லை. அதே நேரத்தில் குழியின் பழைய விளிம்புகளை உடல் அரித்துச் சீர்செய்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் குழி நன்றாக நிரம்பித் தெரிய மாதங்கள் ஆகும். வலியும் வீக்கமும் வாய் இறுக்கமும் எலும்பின் கால அட்டவணைப்படி நடப்பவை அல்ல. அவை பத்துப் பதினைந்து நாளில் போய்விடுகின்றன. அதுவரை வலியே தாடைக்குக் காவல்: நோயாளி தானாகவே கஞ்சியும் ரசம் சாதமுமாக மறுபக்கத்தில் மெல்லுகிறார். வலி போனதும் காவல் போகிறது, எலும்போ இன்னும் நிரம்பவில்லை. அந்த இடைவெளியில்தான் முறுக்கும் சீடையும் நல்லி எலும்பும் கரும்பும் வாய்க்குள் வருகின்றன. பல் எடுத்தவருக்குக் கொடுக்கும் அறிவுரைச் சீட்டுகள் பெரும்பாலும் முதல் நாள், முதல் வாரம் பற்றியே பேசுகின்றன: துப்பாதே, சூடாகக் குடிக்காதே, புகை பிடிக்காதே. முப்பத்தைந்தைத் தாண்டிய, ஆழமான பல் எடுத்த ஆணுக்கு அந்தச் சீட்டில் நான்கு வாரம் மெத்தென்ற உணவு என்ற வரி இல்லையென்றால் சீட்டு அரைகுறை. பட்டியலில் உள்ள காரணிகளில் வயதை மாற்ற முடியாது, பாலினத்தை மாற்ற முடியாது, பல்லின் ஆழத்தை மாற்ற முடியாது. சாப்பாட்டை மாற்றலாம்.

'படக்' சத்தத்தோடு திரும்பி வருபவர்களை அனுப்பிவைக்கும் தவறும் நடக்கிறது. விரிசல் விலகாமல் இருந்தால் முதல் ஓ.பி.ஜி.யில் தெரியாமல் போகலாம். வலியைக் குழி அழற்சி என்று எண்ணி ஆன்டிபயாடிக் எழுதிவிடலாம். கடி முன்போல் பொருந்தவில்லை என்று நோயாளி சொன்னால், எக்ஸ்ரேயைவிட அந்த வாக்குமூலத்தை நம்பி சி.டி. எடுப்பது நல்லது. விலகாத முறிவுக்கு மெத்தென்ற உணவும் கண்காணிப்பும் போதுமாகலாம். மற்றவற்றுக்கு மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டுவார்கள், அல்லது ஷாம்ப்பி காட்டிய வழியில் டைட்டானியத் தகடு பதிப்பார்கள். உரிய நேரத்தில் கவனித்தால் பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடுகிறது.

வயதுதான் பெரிய காரணி என்றால், எல்லோருக்கும் இருபது வயதிலேயே எடுத்துவிடலாமே என்ற கேள்வி தவிர்க்க முடியாமல் வரும். அமெரிக்காவில் பல காலமாக நடைமுறை கிட்டத்தட்ட அதுதான். 2007இல் பல் மருத்துவர் ஜே ஃப்ரீட்மன் அங்கே ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேருக்கு ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுவதாகக் கணக்கிட்டு, இதைப் பொதுச் சுகாதாரக் கேடு என்றே தலைப்பிட்டு எழுதினார். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்தச் சொன்னது. அடுத்த பத்தாண்டில் அங்கே ஞானப்பல் எடுத்துக்கொள்பவர்களின் சராசரி வயது 25இலிருந்து 32க்கு ஏறியது. எடுப்பது நிற்கவில்லை, தள்ளிப்போனது. அதுவும் ஆபத்து கூடும் திசையில். இதை வைத்து நைஸின் முடிவையே தவறு என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 20,000இல் ஒரு முறிவைத் தடுக்க ஆயிரக்கணக்கானோரைத் தேவையில்லாத அறுவைக்கு அனுப்பினால், அவர்களில் சிலருக்கு உதடு நிரந்தரமாக மரத்துப் போகும் வாய்ப்பு தடுக்கப்படும் முறிவைவிட அதிகம். ஆனால் இருபத்தைந்து வயதில் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வீங்கிச் சீழ் வைத்த பல்லை, 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நாற்பது வரை இழுத்தடிப்பது வேறு விஷயம். அங்கே காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மருத்துவர் சொல்லியாக வேண்டும்.

சொல்வது என்றதும் சட்டமும் வருகிறது. ஒப்புதல் பெறும் முன் நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் வரையறுத்தது. போதுமான தகவல் தர வேண்டும், ஆனால் நோயாளியைப் பயமுறுத்திக் குழப்பக்கூடிய மிகத் தொலைதூர ஆபத்துகளை விளக்கத் தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் மாண்ட்கோமரி வழக்கில் வேறு அளவுகோலைப் பிடித்தது: அந்தக் குறிப்பிட்ட நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியம் என்று கருதுவாரோ அதைச் சொல்ல வேண்டும். தாடை முறிவு விஷயத்தில் இரண்டு அளவுகோலும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுவருகின்றன என்று நினைக்கிறேன். பல் பாதி முளைத்த, எலும்பு நல்ல நிலையில் உள்ள 22 வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விட்டால் எந்த நீதிமன்றமும் குறை காணாது. கீழ் விளிம்பு வரை பல் இறங்கி, சுற்றிலும் நீர்க்கட்டி வளர்ந்து, எல்லாப் பற்களும் உறுதியாக இருக்கும் 50 வயது ஆணுக்கு அது தொலைதூர ஆபத்து அல்ல. அவரிடம் கையெழுத்து வாங்கும்போதே தாடை முறியலாம் என்றும், முதல் ஒரு மாதம் எதைக் கடிக்கக் கூடாது என்றும், 'படக்' என்று கேட்டால் அன்றே வர வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும்.